துணைநூற்பட்டியலில் ஒரு தெய்வத்திரு

எனக்கு மூக்கு மேல் கோபம். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் எம்.ஃபில். ஆய்வேடு எழுதிய அந்த எண்பதுகளின் தொடக்கத்தில் என் கோபத்தில் முக்கால் பங்கு அடிக்குறிப்புகளுக்கே செலவானது. சென்னையில் இருந்த என் நெறியாளர் மூன்று இயல்களையும் படித்துவிட்டு, "விஷயம் சரி, அடிக்குறிப்பு கந்தல்" என்று ஒரே வரியில் திருப்பிக் கொடுத்தார். கூடவே சைக்ளோஸ்டைல் செய்த ஒரு தாள். ஆசிரியர் பெயர், காற்புள்ளி, நூலின் பெயர், காற்புள்ளி, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம். அதே நூல் அடுத்த குறிப்பிலும் வந்தால் 'மேலது' என்று போட்டுப் பக்கத்தை மட்டும் சொன்னால் போதும். பெயருக்கு முன்னாலோ பின்னாலோ எந்த அடைமொழியும் கூடாது. தாளின் அடியில் இதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது.

ஆய்வேட்டின் பொருள் எங்கள் திருத்தணிப் பக்கத்துக் கல்யாணப் பாட்டுகள். ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டு வளர்ந்தவை. நலங்குப் பாட்டு, சம்பந்தி வீட்டாரைக் கிண்டல் செய்யும் ஏசல் பாட்டு, பெண்ணை அனுப்பும்போது பாடுவது என்று தமிழிலும் தெலுங்கிலும் கலந்து கிடந்தன. ஆர்.கே.பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் தறிக்காரப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தேன்.

இதற்கு நடுவில் நைனா ஒரு கெடு வைத்திருந்தார். பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நல்ல இடம் மூன்று தடவை ஆள் அனுப்பியிருந்தது. இன்னொரு பக்கம், ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. பட்டம் முடித்துச் சான்றோடு வந்தால் விரிவுரையாளர் வேலை உண்டு, கல்லூரி திறப்பதற்குள் வர வேண்டும் என்று. நைனா இரண்டையும் எடை போட்டார்.

"சித்திர முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அந்தக் காகிதம் கைக்கு வந்துச்சுன்னா நீ வேலைக்குப் போ, நான் ஒண்ணும் சொல்லல. வர்லன்னா வைகாசியில முகூர்த்தம். அப்புறம் என்னைக் கொற சொல்லக்கூடாது."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட ஒரு பிடி கிடைக்கவில்லை.

ஆய்வேட்டைத் தமிழில் டைப் அடிக்கத் திருத்தணியில் ஒரே ஒருவர்தான். மலையடிவாரத்துக் கடைத்தெருவில் டைப் இன்ஸ்டிடியூட் நடத்திய அக்கா. பின்கட்டில் அவர் வீட்டுக்காரரின் அச்சகம். மலைமேல் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்கள் ஊர்ப்பட்ட பேர் என்பதால் அந்த அச்சகம் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழைத்தது. ஜனங்கள் கிறுக்கிக் கொண்டுவருகிற பெயர்களை அக்கா முதலில் சுத்தமாக டைப் அடித்துக் கொடுப்பார், பிறகுதான் அச்சுக் கோப்பார்கள். முகூர்த்த மாதங்களில் அவரிடம் பேசவே முடியாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் என் வேலையை ஒப்புக்கொண்டார்.

"மார்கழியில எடுத்தாந்தே, பொழச்சே. தை பொறந்துச்சுன்னா உன்ன ஏறெடுத்தும் பாக்க மாட்டேன்," என்றார்.

நான் தினமும் டவுன் பஸ்ஸில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைச் சொல்லுவேன். ஒரு மூலமும் மூன்று கார்பன் படிகளும். அக்காவின் விரல் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் முதல் இயல் முடிந்து தாளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. எல்லா அடிக்குறிப்பிலும் ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'திரு', பின்னால் 'அவர்கள்'. மேலது என்று இருந்த இடத்தில்கூட 'மேற்படியார் அவர்கள்'.

"அக்கா, இன்னா இது?"

"இன்னா இன்னா?"

"நான் திரு சொல்லலையே. அவர்கள் சொல்லலையே."

"நீ சொல்லல. வயசுப் பொண்ணு, தெரியாம வுட்டுட்டேன்னு நான் போட்டேன். பெரியவங்க பேர மொட்டையா அடிச்சிகினு போறதா? இன்னா புள்ள நீ?"

தாளைக் காட்டினேன். இரண்டு கோடு போட்ட இடத்தை விரலால் குத்திக் காட்டினேன். அக்கா அதைப் படித்துவிட்டு, ஈ ஓட்டுவது போலக் கையை ஆட்டினார்.

"இத எழுதினவரு வீட்டுப் பத்திரிகையில அவங்க அப்பா பேர மொட்டையா போடுவாராமா? கேட்டுப் பாரு."

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் டைப் கற்க வந்த பெண்கள் எல்லாம் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனதற்காகப் பந்தியில் இலை தூக்கி எறிந்த கதைகளை அக்கா அடுக்கினார். நான் அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் அக்காதான் இறங்கி வந்தார். இருபத்தெட்டுப் பக்கத்தையும் மறுபடி அடித்துக் கொடுத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, டீ மட்டும் வாங்கித் தந்தார்.

துணைநூற்பட்டியல் கடைசியாக வந்தது. வருஷக் கடைசிப் படித்திருவிழாவுக்குப் பஜனைக் கூட்டங்கள் ஊரில் இறங்கிவிட்டன. தெருவெல்லாம் ஜால்ராச் சத்தம், ஒருவர் சொல்வது ஒருவருக்குக் காதில் விழவில்லை. பொங்கல் விடுமுறைக்கு முன்னால் சமர்ப்பிக்க வேண்டும். நான் கார்பன் படிகளைப் பக்கவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அவரே அடித்தார். நடுநடுவே ஒரு கேள்வி.

"இவரு கீறாரா, பூட்டாரா?"

"பூட்டாரு அக்கா."

"இவரு?"

"இருக்காரு."

அக்காவுக்கு ஊர் விஷயம் எல்லாம் தெரிந்தாக வேண்டும், அதனால் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு பெயர் வந்தது. கல்யாணச் சடங்குகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றின் ஆசிரியர். நூலகத்தில் நான் பார்த்த பிரதிக்கு அட்டையே இல்லை, தொட்டால் பொடியாக உதிரும் தாள்.

"இவரு?"

"அது அந்தக் காலத்துப் புஸ்தகம் அக்கா. இன்னுமா இருப்பாரு?" என்றேன், தலையைத் தூக்காமல்.

சென்னையில் பைண்டிங் செய்து, நெறியாளரிடம் கையெழுத்து வாங்கி, சமர்ப்பித்துவிட்டு, என்னுடைய படியோடு ரயில் ஏறினேன். மணவூர் தாண்டும்போது ஆசையாக அதைப் பிரித்து, கடைசிப் பக்கங்களில் கண் ஓட்டினேன். காற்புள்ளி எல்லாம் கச்சிதம். பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாம் வரிசை. இருக்கிறவர்கள் பெயர்கள் தாளில் சொன்னபடி அடைமொழி இல்லாமல் நின்றன. போனவர்கள் பதினோரு பேருக்கும் முன்னால் 'தெய்வத்திரு'.

பத்திரிகையில் இறந்துபோன தாத்தா பெயருக்கு முன்னால் போடுவோமே, அதே தெய்வத்திரு. உயிரோடு இருப்பவர்களுக்கு மரியாதை வேண்டாம் என்று நான் அடம் பிடித்ததை அக்கா ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். செத்தவர்களையும் மொட்டையாக விட அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் நேராகப் போய்க் கத்தினேன். "அது வேற, இது வேற," என்றார் அக்கா அமைதியாக. "பூட்டவங்க பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடலன்னா இருக்கறதா ஆய்டும். நாளைக்கு எவனாவது அவங்களத் தேடிகினு போவான்." தைப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. அதற்குமேல் என்னிடம் நின்று பேச அவருக்கு நேரமில்லை.

சரி, யார் துணைநூற்பட்டியலை எல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பங்குனிக் கடைசியில் நெறியாளரிடமிருந்து தபால் அட்டை வந்தது. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளர் இன்னார் என்று பெயர் எழுதி, "அவருடைய நூலை நீ பல இடங்களில் எடுத்தாண்டிருப்பதால் மிகவும் மகிழ்வார்" என்று முடித்திருந்தார்.

அது அந்த அட்டையில்லாத புத்தகத்துக்காரர்.

அப்படியே தறிமேடையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் முறையாக விசாரித்துத்தான் அடித்தார். கொன்றது நான். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் வேலை, சித்திரை பிறக்க இன்னும் ஐந்தாறு நாள்தான், அது முடிந்தால் நைனாவின் கெடுவும் முடிந்தது.

தபால் அட்டையை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்தார். எழுந்து நின்று மலை இருந்த பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, உசுரோட கீறவரயா? பாவம் சுத்திக்குமே!" பிறகு கொஞ்சம் யோசித்தார். "இரு, இரு. செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. ஆனாலும் ஒரு அர்ச்சன பண்ணிடலாம்."

மறுநாள் காலையில் முந்நூற்றுச் சொச்சம் படியும் ஏறினோம். முகூர்த்த வேலையை விட்டுவிட்டு அக்கா வந்ததே பெரிய விஷயம். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார்.

"பேரு மட்டும்தாங்க சாமி தெரியும். பொஸ்தகத்துல போட்டிருந்தது," என்றார் அக்கா.

"சொந்தக்காராளா?"

"இல்லீங்க. தெரியாம சாவடிச்சிட்டோம்."

குருக்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

தேர்வு நாளில் விபூதிப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். துறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் நெறியாளரும் அவரும். ஒல்லியான மனிதர், கதர்ச் சட்டை, எழுபதைத் தாண்டியிருக்கும். முன்னால் என் ஆய்வேடு. கடைசிப் பக்கங்களில் ஒரு காகிதத்துண்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

"உக்காரும்மா. செத்தவன் கேள்வி கேட்டா பயமாத்தான் இருக்கும்," என்றார்.

நெறியாளர் ஒன்றும் புரியாமல் விழித்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாணப் பத்திரிகை, திரு, அவர்கள், கீறாரா பூட்டாரா, அட்டை கிழிந்த புத்தகம், மலைப்படி, அர்ச்சனை. சொல்லி முடித்து விபூதிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். நெறியாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார், இருமல் வரும் வரைக்கும்.

"நான் பூசறதில்ல. வீட்ல பூசுவாங்க, குடு," என்று பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பு அடங்கியது. வேறொரு பக்கத்தைத் திருப்பினார்.

"நான் செத்தது போகட்டும். நூத்திப் பன்னெண்டாம் பக்கம். இந்தப் பாட்டுக்கு அடிக்குறிப்பு என்ன போட்டிருக்கே?"

"நேரில் கேட்டது, ஆர்.கே.பேட்டை."

"எழுபத்தி மூணாம் பக்கம்?"

"நேரில் கேட்டது, பள்ளிப்பட்டு."

"என் புத்தகத்துக்கு ஊரு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் போட்டிருக்கே. என் புத்தகத்துல இருக்கற பாட்டு நான் எழுதினதா? யாரோ பாடினாங்க, நான் எழுதிக்கிட்டேன். அவங்க பேரு என்னன்னு நான் கேக்கல. அப்போ யாரும் என்னைக் கேக்கல. இந்த நூத்திப் பன்னெண்டு யாரு பாடினது?"

"எங்கம்மா."

"அம்மாவுக்குப் பேரு இல்லையா?"

அந்தச் சைக்ளோஸ்டைல் தாளில் அதற்கு விதி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தாளில் இல்லை என்பது உண்மை. எனக்கும் தோன்றவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. அவமானமாக இருந்தது.

"ஆய்வு நல்லா இருக்கு. நான் கையெழுத்துப் போடத் தயார்," என்றார். "தகவலாளர் பட்டியல் ஒண்ணு சேத்துக் கொண்டு வா. பேரு, வயசு, ஊரு, எந்தப் பாட்டு. பத்து நாள் டைம். அப்புறம் நான் மகன் வீட்டுக்கு வடக்கே போயிடுவேன், திரும்ப ஆடி ஆயிடும்."

பாடியவர்கள் முப்பத்தொரு பேர். என் நோட்டில் எப்படி எழுதியிருந்தேன் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'வடக்குத் தெரு அத்தை.' 'பாவா வீட்டு அம்மா.' 'பாவு ஓட்டுகிற ஆயா.' 'கிணற்றடி வீட்டுப் பெரிய மருமகள்.' பெயர் இருந்தது நாலு பேருக்கு. இத்தனைக்கும் அத்தனை பேர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன்.

டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கி, எட்டு நாளில் அத்தனை பேரையும் மறுபடி பார்த்தேன். பாட்டுக் கேட்டபோது வெட்கப்படாமல் பாடியவர்கள், பெயரைக் கேட்டதும் நெளிந்தார்கள். "என் பேரு எதுக்கும்மா? எங்க வூட்டுக்காரரு பேரப் போட்டுக்கோ," என்றாள் ஒருத்தி. சரி, அவர் பெயர் என்ன என்றால் அதைச் சொல்லமாட்டாள், புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. பள்ளிப்பட்டில் ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் தாயி. அந்த ஏசல் பாட்டுல நான் எங்க சம்பந்தியத்தான் கிழிச்சிருக்கேன். அவ மவன் படிச்சவன்." எந்தப் பாட்டு என்பதற்கு எண் மட்டும் போடுகிறேன் என்று சத்தியம் செய்த பிறகு பெயரைச் சொன்னாள். தறிக்குப் பாவு ஓட்டுகிற ஆயா கையில் இருந்த நூலைக் கீழே வைத்தார். "பேரு... இரு சொல்றேன். எங்கம்மா பூட்டப்புறம் யாரும் கூப்டல," என்றார். சொன்னார். மிக அழகான பெயர். இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

ஒன்பதாம் நாள் அக்காவிடம் போனபோது மேசை தெரியாத அளவுக்கு வைகாசிப் பத்திரிகைகள். நான் பட்டியலை நீட்டினேன். வாங்கிப் படித்தார். ஒருமுறை மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே.

"எல்லாம் பொம்பளைங்களா?"

"ஆங்."

"இத்தன வருசமா பத்திரிக அடிச்சிகினு கீறேன். இவங்கல்லாம் இன்னாரு சம்சாரம்னுகூட வர்றதில்ல. ஆம்பளைங்க பேருதான் வரும்," என்றார். மெஷினில் இருந்த யாரோ ஒரு மாப்பிள்ளையை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாள்களைக் கார்பனோடு சேர்த்து மாட்டினார். என்னைக் கேட்காமலேயே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'திருமதி', பின்னால் 'அவர்கள்' அடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வயதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பட்டியலை மேசையிலேயே வைத்துக் கடைசிவரை படித்தார். பேனா மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தற்காலிகச் சான்று கைக்கு வந்து நான் வீடு திரும்பியபோது சித்திரையில் நாலு நாள் பாக்கி.

நைனா தறியை விட்டு இறங்கி வந்து சான்றைப் பார்த்தார். அது இங்கிலீஷில் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆய்வேட்டை மடியில் வைத்துப் புரட்டினார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர் தெலுங்கு ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. படித்தது தெலுங்கு. தமிழ் பிற்பாடு பஸ் பலகையையும் சுவரொட்டியையும் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. அதனால் எழுத்துக் கூட்டிச் சத்தமாகத்தான் படிப்பார். கடைசியில் சேர்த்து ஒட்டியிருந்த பட்டியலைத் திறந்து, அது என்ன என்று கேட்டார். பாடினவங்க பேரு என்றேன். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துவந்தார். தெரிந்த பெண்கள் வந்தபோது, "ஓகோ, இதான் அவ பேரா?" என்றார்.

ஒன்பதாவது பெயருக்கு வந்தார். 'திருமதி' என்பதைத் தாண்டி, முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து என்று கூட்டி, முழுப் பெயரையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார். அம்மாவின் பெயர். நைனா அம்மாவை 'ஏமே' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயரை அவர் குரலில் அன்றுவரை நான் கேட்டதில்லை.

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்தாள்.

"யாரு கூப்ட்டது?"

நைனாவின் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அம்மா அவரையும் என்னையும் பார்த்தாள்.

"நீதான் இதுல கீற," என்றார் நைனா கடைசியில். ஆய்வேட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "காலையில மொத பஸ்ஸுக்குப் பள்ளிப்பட்டு போறேன். பொண்ணு வேலைக்குப் போவுது, இப்போதைக்குக் கல்யாணம் இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்."